சந்தைப் பேச்சைப் படிக்க வந்த பிள்ளைகள்



சென்ற ஆடி மாதம் நடந்த விஷயம் இது. ஆடியில் நம் தொழில் எப்படியிருக்கும் என்பதை இந்த இதழைப் படிக்கிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமும் கிடையாது, பால்காய்ச்சும் கிடையாது. வருகிற சிட்டையிலும் பாதி கடன் சிட்டை. மதியம் இரண்டு மணி வாக்கில் நாம் மூடையில் சாய்ந்தபடி பேப்பர் புரட்டிக் கொண்டிருந்தோம். அப்போது தோளில் பையும் கையில் நோட்டுமாக நான்கு கல்லூரிப் பிள்ளைகள் கடை வாசலில் வந்து நின்றார்கள்.

"அண்ணாச்சி, உங்க கடையில பேசுற பேச்சை எழுதிக்கலாமா?" என்று அதில் ஒரு பெண் கேட்டது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து நோட்டும் பேனாவுமாக எவர் வந்தாலும் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. "பேச்சை எழுதி என்ன மக்ளே செய்யப் போறிய? விலை எழுத வந்தியளா, கணக்கு எழுத வந்தியளா?" என்று கேட்டோம். பிள்ளைகள் சிரித்து மழுப்பின. "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டோம். நம் கடைகளில் 'நாளைக்கு வாங்க' என்றால் என்ன பொருள் என்பது உங்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. மறுநாள் சரியாக அதே நேரத்துக்கு வந்துவிட்டார்கள். இந்த முறை அவர்களுடைய ஆசிரியரும் கூட வந்திருந்தார்.

ஆசிரியர் சொன்ன கணக்கு

வந்தவர் நம் கடைத் திண்ணையிலேயே உட்கார்ந்து, சுக்குக் காப்பி குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். ஒரு தொழில் செய்கிறவர்கள், ஒரு கூட்டமாகச் சேர்ந்திருக்கிறவர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக் கொள்கிறார்கள், எப்படி எழுதிக் கொள்கிறார்கள், புதிதாக வருகிறவனுக்கு அந்தப் பேச்சை எப்படிப் பழக்குகிறார்கள் என்பதை மாணவர்கள் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டுமாம். அது இந்தப் பருவத்துக்கு அவர் வைத்திருக்கும் வேலை.

ஜான் ஸ்வேல்ஸ் என்ற ஆங்கில அறிஞர் 1990-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஆறு அடையாளம் சொல்லியிருக்கிறாராம். கூட்டத்துக்குப் பொதுவான நோக்கம் இருக்க வேண்டும். தங்களுக்குள் தகவல் சொல்லிக் கொள்ள வழி இருக்க வேண்டும். அந்த வழியைச் சும்மா வைத்திராமல் பயன்படுத்திப் பதிலும் தகவலும் பெற வேண்டும். அவர்களுக்கென்று எழுத்து வடிவங்கள் இருக்க வேண்டும். தனிச் சொற்கள் இருக்க வேண்டும். விவரம் தெரிந்த மூத்தவர்கள் போதுமான அளவு இருந்து புதியவர்களைப் பழக்க வேண்டும்.

நாம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். நோக்கம் என்றால் நாலு காசு சம்பாதிப்பது. தகவல் வழிக்குச் சங்கக் கூட்டமும் சந்தையும் இப்போது வாட்ஸ்அப்பும் இருக்கின்றன. காலையில் விலை நிலவரம் வந்தால் மதியத்துக்குள் பத்துப் பேர் பதில் போட்டுவிடுகிறார்கள். எழுத்து வடிவங்களாகச் சிட்டை, நாள்வழி, பேரேடு. தனிச் சொற்களுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. மூத்தவர்கள் நம்மைப் போன்றவர்கள். ஆறும் நம் கோட்டாற்றுக் கடைத்தெருவுக்கு அப்படியே பொருந்துகின்றன. இத்தனை வருஷம் கடை நடத்திய நமக்கு, நாம் ஆராய்ச்சிக்கு உரிய ஒரு கூட்டம் என்பது அன்றுதான் தெரிந்தது.

ஆசிரியர் இன்னொன்றும் சொன்னார். இது வெளிநாட்டுச் சரக்கு மட்டும் அல்ல. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலிலேயே 'குழூஉக்குறி' என்ற பெயரில் இது இருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் அதற்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணங்கள். பள்ளிக்கூடத்தில் நாமும் இதை மனப்பாடம் செய்தவர்கள்தான். ஆனால் பரீட்சையோடு மறந்த அந்தப் பாடம் நம் கல்லாப்பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது என்பது தோன்றவில்லை.

வடசேரியிலிருந்து நியூயார்க் வரை

இந்த வேலைக்கு நம் மண்ணிலேயே ஒரு பெரிய முன்னோடி உண்டு. வடசேரியில் 1926-இல் பிறந்த பேராசிரியர் வ.அய். சுப்பிரமணியம்தான் அவர். தஞ்சையில் 1981-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தராக இருந்தவர். அதற்கு முன் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை நடத்தியவர். மலையாள வட்டார வழக்குகளை ஊர் ஊராகச் சேகரித்து ஆராய்ந்த பெரிய வேலை அவர் தலைமையில் நடந்து, முதல் தொகுதி 1974-இல் வெளிவந்தது. கனகமூலம் சந்தை இருக்கிற ஊரில் பிறந்த ஒருவர் மாணவர்களைக் கிராமம் கிராமமாக அனுப்பிப் பேச்சைச் சேகரிக்கக் கற்றுக் கொடுத்தார் என்பது நமக்குப் பெருமை இல்லையா? அதே போல, எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியே கொண்டு வந்தார். அவர் மொழியியல் படித்தவர் அல்ல, விவசாயி.

கடைக்காரர்களாகிய நமக்குப் பிடித்தமான கதை ஒன்றையும் ஆசிரியர் சொன்னார். 1962-இல் வில்லியம் லபோவ் என்ற அமெரிக்கர் நியூயார்க் நகரத்தில் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார். ஒன்று பணக்காரர்கள் வாங்குகிற சாக்ஸ், ஒன்று நடுத்தர மக்கள் வாங்குகிற மேசிஸ், ஒன்று மலிவு விலைக் கிளைன். நான்காவது மாடியில் இருக்கிற ஒரு பொருளின் பெயரைச் சொல்லி, "அது எங்கே?" என்று விற்பனையாளரிடம் கேட்பார். "ஃபோர்த் ஃப்ளோர்" என்று பதில் வரும். சரியாகக் கேட்காதது போலத் திரும்பவும் கேட்பார். அவர் திரும்பவும் அழுத்திச் சொல்வார். அந்த இரண்டு சொல்லிலும் 'ர்' ஒலியைச் சொல்கிறாரா, விழுங்கிவிடுகிறாரா என்பதை இவர் மறைவாகப் போய்க் குறித்துக் கொள்வார். இப்படி 264 பேர். 'ர்' ஒலியை முழுவதுமாகவோ ஓரளவுக்கோ சொன்னவர்கள் சாக்ஸில் நூற்றுக்கு 62 பேர், மேசிஸில் 51 பேர், கிளைனில் 20 பேர். எல்லாரும் சம்பளத்துக்கு நிற்கிறவர்கள்தான். ஆனால் எந்த வாடிக்கையாளருக்குச் சரக்கு எடுத்துக் கொடுக்கிறார்களோ அந்த வாடிக்கையாளரின் நாக்கு இவர்களுக்கும் வந்துவிடுகிறது.

இதைக் கேட்டு நாம் சிரித்துவிட்டோம். நம் கடைப் பையன் தோவாளைப் பெரியவரிடம் "என்ன வேணும் பாட்டா?" என்பான். பேன்ட் போட்டவரிடம் "சொல்லுங்க சார்" என்பான். வடக்கிருந்து வந்து வேலை பார்க்கிறவர்களிடம் "போலோ பய்யா" என்பான். மூன்று கடை எதற்கு? நம் ஒரே கடையில் மூன்றும் நடக்கிறது.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

பிள்ளைகளை உட்கார விடுவது என்று நாம் முடிவு செய்ததும் பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் முகம் சுளித்தார்கள். "தொழில் ரகசியத்தைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஜவுளிக் கடைகளில் பத்தெழுத்து உள்ள ஒரு சொல்லை வைத்து அடக்க விலையைச் சீட்டில் குறிப்பது இன்றும் உண்டு. அந்தச் சொல் வெளியே போனால் பேரமே போயிற்று. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதும் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக் கூடாது என்பதற்குத்தான்.

ஆனால் எல்லாமே ரகசியம் அல்ல என்பதற்கும் ஓர் உதாரணம் கிடைத்தது. தமிழ் வியாபாரிகள் எண்ணுக்குப் பதிலாகச் சொல்லி வந்த மறைசொற்கள் உண்டு. மதி என்றால் ஒன்று, சந்திரன் ஒன்றுதானே. வினை இரண்டு, நல்வினை தீவினை. குணம் மூன்று. சுருதி நான்கு, வேதங்கள். சரம் ஐந்து, மன்மதனுடைய அம்புகள். மதம் ஆறு. திரை ஏழு, கடல்கள். கிரி எட்டு, மலைகள். மணி ஒன்பது. திசை பத்து. இதை நாம் ஏதோ பரம்பரை ரகசியம் என்று நினைத்துக் கொண்டிருந்தோம். எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் இது அப்படியே அச்சில் இருக்கிறதாம்! நூறு வருஷத்துக்கும் மேலாக ஊருக்கே தெரிந்ததை நாம் பூட்டி வைத்துக் கொண்டிருந்தோம்.

கடைசியில் மூன்று நிபந்தனை பேசிக் கொண்டோம். கொள்முதல் விலை, கடன் பாக்கி, அடக்க விலைக் குறி இவற்றை எழுதக் கூடாது. யார் பேச்சை எழுதினாலும் அவரிடம் கேட்டுவிட்டே எழுத வேண்டும், பெயர் போடக் கூடாது. எழுதி முடித்ததை எங்களுக்கே வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு பையன், "அந்த அமெரிக்கர் கேக்காமத்தானே எழுதினாரு?" என்று கேட்டான். "அது அந்தக் காலம். இன்றைக்கு நாம் கேட்டுத்தான் எழுத வேண்டும்" என்றார் ஆசிரியர். நமக்கு அவர் மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

பிள்ளைகள் கண்டது

நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று மதியம் வந்தார்கள். முதல் நாள் "இதுக்கு என்ன சொல்லுவீங்க, அதுக்கு என்ன சொல்லுவீங்க?" என்று கேள்வியாய்க் கேட்டார்கள். நாமும் புத்தகத் தமிழில் பதில் சொன்னோம். அது ஒன்றுக்கும் ஆகாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம். பிறகு வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார்கள். நோட்டில் நான்கு கட்டம் போட்டிருந்தார்கள். சொல் என்ன, சொன்னவர் எந்தப் பக்கத்து ஆள், யாரிடம் சொன்னார், அதைக் கேட்டுக் கையில் கொடுத்த சரக்கு என்ன? நாலாவது கட்டத்தின் அருமை நமக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதலில் அவர்கள் பிடித்தது 'லாபம்'. அளக்கும்போதும் மூடை எண்ணும்போதும் நாம் 'ஒன்று' என்று தொடங்குவதில்லை. "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுவோம். மங்கலமாகச் சொல்வது என்று இதற்கும் நன்னூலில் இடம் இருக்கிறதாம். நம்மிடம் லோடு இறக்க வடக்கிருந்து வந்த பையன்களும் இப்போது "லாபம், தோ, தீன்" என்று எண்ணுகிறார்கள். அவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது. அதுதான் இந்த ஊரில் எண்ணுகிற முறை என்று பழகிக் கொண்டார்கள். புதியவனைக் கூட்டம் எப்படிப் பழக்குகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று அந்தப் பெண் எழுதியிருந்தது.

அடுத்தது, நம் மாவட்டத்தின் இரட்டை நாக்கு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவர்கள். நம் தகப்பனார் காலத்துப் பேரேட்டில் சக்கரமும் பணமும் இருக்கும். பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். நிறைக்குத் துலாமும் ராத்தலும். 1957-இல் நயாபைசாவும், அதையடுத்து கிலோவும் வந்து இவை கணக்கை விட்டுப் போயின. பேச்சை விட்டு முழுவதும் போகவில்லை. கிழக்கே ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் கடைக்காரர் 'பல்லாரி' கேட்பார், மேற்கே களியக்காவிளைப் பக்கத்தவர் 'சவாளை' கேட்பார். இரண்டுக்கும் ஒரே பெரிய வெங்காயத்தைத்தான் எடுத்துப் போடுகிறோம். பழைய ஆட்கள் வெறுமனே 'மொளவு' என்றால் மிளகாய் வற்றல். கறுப்பு மிளகு வேண்டுமென்றால் 'நல்ல மொளவு' என்பார்கள். இதெல்லாம் நமக்குச் சாதாரணம். வெளியூர்ப் பையன் ஒருவன் புதிதாக வேலைக்கு வந்தால் அவனுக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி நம்மை ஓர் இடத்தில் கொண்டு போய் நிறுத்தியது.

சர்க்கரையால் வந்த பாரம்

நாலாவது வாரம் வாசித்துக் காட்டுகிற நாள். அந்தப் பெண் வாசித்துக்கொண்டே வந்தது. "சர்க்கரை. சொன்னவர் கருங்கல் பக்கத்துச் சமையல்காரர். கொடுத்த சரக்கு வெல்லம். சர்க்கரை. சொன்னவர் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த அலுவலர். கொடுத்த சரக்கு வெள்ளைச் சீனி." ஒரே கடை, ஒரே நாள், ஒரே சொல், இரண்டு சரக்கு. எல்லாரும் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு பையன் நம் கடைக்கு வேலைக்கு வந்தான். சுறுசுறுப்பானவன். வந்த இரண்டாம் மாதம், ஓர் அடியந்திர வீட்டுக்கு முப்பது கிலோ சர்க்கரை வேண்டும் என்று மேற்கே இருந்து சமையல்காரர் ஒருவர் போனில் சொல்ல, இவன் முப்பது கிலோ சீனியைக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டான். பாயசத்துக்கு வெல்லம் எதிர்பார்த்த வீடு. இரவு பத்து மணிக்கு அவர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அந்த வாடிக்கை நமக்கு அன்றோடு போயிற்று. மறுநாள் காலையில் பத்துப் பேர் நிற்கும்போது நாம் அவனைத் திட்டினோம். "காதிலே என்னல வச்சிருந்தே?" என்று கேட்டோம். நஷ்டத்தில் ஒரு பகுதியை அவன் சம்பளத்திலும் பிடித்தோம். ஒரு மாதத்தில் அவன் நின்றுவிட்டான்.

அவன் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அவன் ஊரில் சர்க்கரை என்றால் சீனி. அவனுக்கு நம் கூட்டத்தின் சொல்லை யாரும் பழக்கவில்லை. பழக்க வேண்டியவர் நாம்.

அந்த வாரமே விசாரித்துப் போனோம். இப்போது அவன் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கடையில் இருக்கிறான். பிடித்த பணத்தைக் கொடுத்தோம். முதலில் வாங்கவில்லை. பிறகு, "அன்னிக்கே நான் சொன்னேன் அண்ணாச்சி, எங்க ஊர்ல சர்க்கரைன்னா இதுதான்னு. நீங்க காதுல வாங்கல" என்றான். அவன் அப்படிச் சொன்னதாகவே நமக்கு நினைவில்லை. அன்று நமக்கு நம் குரல் மட்டும்தான் கேட்டிருக்கிறது. பணத்தை வாங்கிக் கொண்டான். டீ வாங்கிக் கொடுத்தான். நம் கடைக்குத் திரும்பி வருகிறாயா என்று கேட்டோம், வரவில்லை என்றுவிட்டான். அதுவும் சரிதான்.

நம் யோசனை

வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியது மூன்று. ஒன்று, போனிலோ வாட்ஸ்அப்பிலோ சிட்டை எடுத்தால் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். நம் கடையில் இப்போது சர்க்கரை என்று கேட்டாலே "வெள்ளையா, வெல்லமா?" என்று பையன் கேட்டுவிட்டுத்தான் எடை போடுகிறான். இரண்டு, வேலைக்கு வரும் புதுப் பையனுக்குத் தராசைக் காட்டுவதற்கு முன் ஊர்ச் சொற்களைக் காட்டுங்கள். பிள்ளைகள் எழுதிக் கொடுத்த பட்டியலை நாம் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். மூன்று, தவறு நடந்தால் திட்டுவதற்கு முன் "நீ என்னன்னு நினைச்சே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்கு ஆகிற செலவு ஒரு நிமிஷம்தான்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகளைச் சந்தைக்கு அனுப்புங்கள். ஆனால் காலை ஏழு முதல் பதினொன்று வரை வேண்டாம், ஓணத்துக்கும் தீபாவளிக்கும் முந்திய வாரங்கள் வேண்டாம். ஒரு நாள் வந்து படம் பிடித்துப் போவதைவிட நாலு வாரம் உட்கார்ந்து கேட்பது மேல். எழுதியதை எங்களுக்கு வாசித்துக் காட்டாமல் போகாதீர்கள். வாசித்ததால்தான் நமக்கு நம் தவறு தெரிந்தது.

தாலமி என்ற கிரேக்கர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் குறித்து வைத்த 'கொட்டியாரா' நம் கோட்டாறுதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அத்தனை பழைய சந்தையில் எத்தனை நாட்டு வியாபாரி எத்தனை சொல்லைச் சொல்லிப் பேரம் பேசியிருப்பான்! அவற்றில் பெரும்பாலானவற்றை எழுதி வைக்க ஆள் இல்லாமல் போயிற்று. மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு, முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. இதைச் சொல்லத் தெரிந்த பழைய கணக்குப்பிள்ளைகள் நம் கடைத்தெருவில் இப்போது இரண்டே பேர்தான். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.

ஆகவே நம் சங்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு 'லாபம்' என்று எழுதியிருக்கிறது. நீங்கள் கடையில் புழங்குகிற சொல், அதன் பொருள், எந்தப் பக்கத்தவர் சொல்வது என்ற விவரத்தோடு வந்து எழுதித் தாருங்கள். விலை எழுத வேண்டாம். பெயரும் வேண்டாம். சொல் மட்டும் போதும்.